வெளுத்துப்போன கடல் சாமந்தியைத் தேற்றிய கதை

கடல் சாமந்தி என்பது பூ இல்லை, வாயைச் சுற்றி விரல்போன்ற விழுதுகள் உள்ள, பாறையில் ஒட்டி வாழும் கடல் உயிர்; ஆங்கிலத்தில் அனிமோன். கோமாளி மீன் குடியிருக்கும் கடல் சாமந்திகளில் பால்வெள்ளை என்று ஒரு நிறமே கிடையாது. பழுப்பு உண்டு, ஆலிவ் பச்சை உண்டு, சிவப்பு உண்டு, நுனியில் மட்டும் ஊதா ஏறியதும் உண்டு. உடம்பு முழுக்க வெள்ளையாக, வெளிச்சம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிற அளவுக்கு ஒன்று இருந்தால், அது பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் வாங்கிய அனிமோன் இருந்த தொட்டியில் ‘அபூர்வ வெள்ளை’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பக்கத்துத் தொட்டியில் நல்ல பழுப்பு நிறத்தில் கொழுகொழுவென்று இருந்ததைவிட இதற்கு விலை அதிகம்.

“இந்தக் கலர் சீக்கிரம் கிடைக்காது அக்கா” என்றார் கடையில் இருந்த தம்பி. அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். “தம்பி, இது கலர் இல்லை. உள்ளே இருக்க வேண்டிய பாசி போய்விட்டது. இதற்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்கிறீர்களா?” என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தார். “மீனுக்குப் போடுவதில் ஏதாவது போய் ஒட்டினால் உண்டு அக்கா” என்றார்.

வெளுத்த அனிமோனை வாங்கக் கூடாது என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. புதிதாகத் தொட்டி வைத்தவர்கள் வாங்கவே கூடாது. தொட்டி ஓடத் தொடங்கி ஒரு வருடமாவது ஆகாமல், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்று நிலைக்காமல், நல்ல அனிமோனையே வைக்கக் கூடாது என்பேன். நோயாளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என்னிடம் பல வருடமாக ஓடும் தொட்டி இருந்தது, ஒதுக்கிக் கொடுக்க இடம் இருந்தது, தினமும் பார்க்க நேரமும் இருந்தது. அப்படியும் சிலவற்றைப் பார்த்த பிறகுதான் கையில் வாங்கினேன். வாய் இறுக்கமாக மூடியிருந்தது. பாதம் கண்ணாடியில் நன்றாகப் பற்றியிருந்தது. அடியில் கிழிசல் எதுவும் தெரியவில்லை. குச்சியால் விழுதைத் தொட்டுக் காட்டச் சொன்னேன், மெல்லிசாக ஒட்டியது. கொட்டும் செல்கள் இன்னும் வேலை செய்கின்றன, உணவைப் பிடிக்க அதற்குத் தெம்பு இருக்கிறது என்பதற்கு அந்த ஒட்டல்தான் சாட்சி. வாய் பிளந்து, உள்குடல் வெளியே பிதுங்கி, பாதம் பிடியில்லாமல் மிதக்கிற அனிமோனாக இருந்திருந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

நான் வாங்கியது குமிழ்நுனி அனிமோன். என்டாக்மேயா குவாட்ரிகலர் என்பது அறிவியல் பெயர். கோமாளி மீன்கள் சேர்ந்து வாழும் கடல் சாமந்தி இனங்கள் பத்து. அவற்றில் வீட்டுத் தொட்டிக்கு ஓரளவு ஒத்துப்போவது இதுதான். மற்றவற்றில் பல, நன்றாக இருக்கும்போதே பராமரிப்பது கஷ்டம்.

சரி, ஏன் வெளுக்கிறது? இந்தச் சாமந்திகளின் உடல் திசுவில், உள்ளடுக்குச் செல்களுக்குள்ளேயே, ஒருசெல் பாசிகள் வாழ்கின்றன. சூசாந்தெல்லே என்பார்கள். பகல் வெளிச்சத்தில் அவை ஒளிச்சேர்க்கை செய்து, தயாரிக்கும் சர்க்கரையிலும் கிளிசராலிலும் பெரும்பங்கை அனிமோனுக்கே கொடுத்துவிடுகின்றன. பதிலுக்கு அனிமோன் தன் கழிவிலுள்ள நைட்ரஜனையும் கரியமில வாயுவையும், இருக்க ஒரு பாதுகாப்பான இடத்தையும் தருகிறது. நாம் பார்க்கும் அந்தப் பழுப்பு, பாசியின் நிறம். தண்ணீர் சூடேறினால், வெளிச்சம் திடீரென்று கூடினால், அல்லது பல நாள் இருட்டுப் பையில் பயணம் செய்தால் இந்த ஏற்பாடு குலைந்துவிடும். சூட்டிலும் கடும் வெளிச்சத்திலும் பாசியின் ஒளிச்சேர்க்கை தடம் புரண்டு, செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகின்றன. அனிமோன் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. கடலிலும் இதேதான் நடக்கிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தால் போதும், பவளப்பாறைகள் வெளுக்கத் தொடங்கிவிடும். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்வு என்று அறிவித்தார்களே, அதுவும் இதே கதைதான், அளவுதான் பெரிது.

பாசி போனதும் அனிமோன் உடனே சாவதில்லை. அங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். வெள்ளையாக, அழகாக, விரிந்து நின்று, மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆனால் தன் உடம்பையே கரைத்துத்தான் அது பிழைத்துக்கொண்டிருக்கும். போன மாதம் உள்ளங்கை அகலம் இருந்தது இந்த மாதம் பாதியாகியிருக்கும். “வந்தபோது நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று போய்விட்டது” என்று சொல்கிறவர்களிடம் பழைய போட்டோவை எடுத்துப் பார்க்கச் சொல்வேன். நாளாக நாளாகச் சுருங்கி வந்தது அதில் தெரியும்.

நாம் கொடுக்கும் உணவு அதற்குப் பாசியைத் திருப்பித் தராது. உடம்பு கரையாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். உள்ளே மிஞ்சியிருக்கும் கொஞ்சம் பாசி பெருகி எழுந்து வரும்வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதுதான் நம் வேலை. ஹவாயில் வெளுத்த பவளங்களை வைத்துச் செய்த ஓர் ஆராய்ச்சி 2006இல் வெளிவந்தது. மொன்டிபோரா கேபிடாட்டா என்ற பவளம், வெளுத்ததும் மிதவை உயிர்களைப் பிடித்துத் தின்பதை அதிகப்படுத்தி, தன் அன்றாடச் சக்தித் தேவை முழுவதையும் உணவிலிருந்தே ஈடுகட்டியது. கூடவே வைத்துப் பார்த்த போரைட்டீஸ் இனங்களால் அது முடியவில்லை. பவளமும் அனிமோனும் பங்காளிகள்தானே. தின்னத் தெரிந்தது தப்பிக்கும் என்பதை அந்த ஆராய்ச்சியைப் படித்ததிலிருந்து நான் மறக்கவில்லை. கடையில் விழுது குச்சியில் ஒட்டியதைப் பார்த்ததும் இதைத்தான் நினைத்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவசரப்படவில்லை. பைத் தண்ணீரின் உப்பு அளவும் என் தொட்டியின் உப்பு அளவும் வேறு வேறாக இருந்தன. மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை விட்டு நிதானமாகச் சமன் செய்தேன். என் தொட்டியில் உப்பின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 26 டிகிரி, காரத்தன்மை 8 முதல் 9 டிகேஹெச் (காரத்தன்மையை அளக்கும் அலகு). இந்த எண்களைவிட முக்கியம், அவை இன்றைக்கும் நாளைக்கும் ஒன்றாகவே இருப்பது. அனிமோனின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான். சுற்றியுள்ள தண்ணீர் ஆடினால் அது தாங்காது. ஹீட்டரில் காட்டும் எண்ணை நம்பாமல் தனியாக ஒரு தெர்மாமீட்டரை எதிர்மூலையில் வைத்திருக்கிறேன். ஹீட்டர் அணையாமல் மாட்டிக்கொண்டு அனிமோன் வெளுத்த தொட்டிகள் நிறைய உண்டு.

தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்புகளான பவர்ஹெட்டுகளின் வாயில் வலை மாட்டினேன். இடம் பிடிக்காத அனிமோன் இரவில் கிளம்பி ஊர்ந்து போகும். உறிஞ்சும் வாயில் ஒரு விழுது சிக்கினாலும் மொத்தமும் அரைபட்டுவிடும். நோயாளிக்கு ஊர்ந்து திரிய விருப்பம் அதிகம், தெம்பு குறைவு. அதனால் முதலில் ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் கூடைக்குள், ஒரு சின்ன லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியேறிய கடல் பாறை) துண்டோடு வைத்தேன். தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே போகணும், ஆனால் நேராக அடிக்கக் கூடாது. அந்தக் கல்லின் பிளவுக்குள் பாதத்தை நுழைத்து அது பிடித்துக்கொண்ட பிறகு, கல்லோடு சேர்த்து எடுத்து நிரந்தர இடத்தில் வைத்தேன். பாதத்தை மட்டும் யாரும் பிய்த்து எடுக்காதீர்கள். அங்கே விழும் கிழிசலில் நோய்த்தொற்று புகுந்தால், நன்றாக இருக்கும் அனிமோன்கூடத் தப்பிப்பது கடினம்.

இனி உணவு. இதைத்தான் விரிவாகச் சொல்லணும் என்று உட்கார்ந்தேன்.

மைசிஸ் என்கிற சின்ன இறால் வகை உறைய வைத்த கட்டியாகக் கிடைக்கிறது. அதில் ஒரு துணுக்கை எடுத்து, தொட்டித் தண்ணீர் கொஞ்சம் ஊற்றிய கிண்ணத்தில் கரைய விடுவேன். கரைந்ததும் அந்தக் கலங்கல் தண்ணீரை வடிகட்டிக் கீழே ஊற்றிவிடுவேன். அதில் இருப்பது தொட்டியைக் கெடுக்கும் சத்துதான். பிறகு ஒமேகா கொழுப்பும் வைட்டமினும் கலந்த திரவத்தில் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் ஊற வைப்பேன். சில நாள் மைசிஸுக்குப் பதிலாகப் பச்சை இறால், ஓடு நீக்கி, உப்போ மஞ்சளோ எதுவும் படாமல், கத்தியால் பொடிப்பொடியாகக் கொத்தியது. ஒவ்வொரு துணுக்கும் அரை சென்டிமீட்டருக்குள்தான் இருக்கணும். கடல் உணவாகவே கொடுங்கள். ஆற்று மீன் வேண்டாம், அதில் கடல் உயிர்களுக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்கள் போதாது.

அளவில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். பாவம், பட்டினி கிடந்தது என்று முழு இறாலைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். அனிமோன் அதை வாங்கவும் செய்யும், உள்ளே இழுக்கவும் செய்யும். மறுநாள் காலை பாதி அழுகிய உருண்டையாக வெளியே துப்பியிருக்கும். கொடுத்தது வீண் என்பதோடு போகவில்லை. அதைச் செரிக்க முயன்றதில் இருந்த தெம்பும் போயிருக்கும், துப்பியது தண்ணீரையும் கெடுத்திருக்கும். அதற்கு உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே வாய்தான். வயிற்றில் செரிக்காமல் கிடப்பது முழுசும் வந்த வழியேதான் திரும்பணும். அதனால் வெளுத்ததற்குச் சின்னச் சின்னதாக, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. ஒரு வேளைக்கு நாலைந்து மைசிஸ் போதும். அதை முழுசாகச் செரித்து, துப்பாமல் வைத்துக்கொண்டால்தான் அடுத்த முறை இன்னொன்று கூட்டுவது.

கொடுக்கும் நேரத்தில் பம்புகளை நிறுத்திவிடுவேன். நல்ல அனிமோனின் விழுதில் உணவு பட்டால் விடாது. வெளுத்ததின் விழுதில் அந்தப் பிடி இல்லை, சின்ன நீரோட்டம்கூட உணவைப் பறித்துக்கொண்டு போய்விடும். நீளமான பிளாஸ்டிக் பிப்பெட்டில் உறிஞ்சி, வாய்க்கு மேலே இல்லாமல் வாய்க்குப் பக்கத்து விழுதுகளின் மேல் மெல்ல வைப்பேன். வாய்க்குள் திணிக்கவே கூடாது. முதல் சில நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் உணவு பட்ட விழுதுகள் மட்டும் லேசாகக் குட்டையாகும். பக்கத்து விழுதுகள் வளைந்து அதன்மேல் சாயும். வாயைச் சுற்றியுள்ள தட்டையான பரப்பான வாய்த்தட்டின் அந்தப் பக்கம் மெல்ல மேலே எழும்பும். கடைசியாக நடுவில் இருக்கும் கீறல், சுருக்குப்பையின் வாய் தளர்வதுபோல, மடிப்பு மடிப்பாகத் திறந்து வரும். வெளுத்த அனிமோனில் இதை நன்றாகப் பார்க்கலாம். உடம்பு கண்ணாடியாக இருப்பதால், மைசிஸின் கறுப்புக் கண்கள் உள்ளே போய், கீழே இறங்கி, ஒரு மடிப்புக்குப் பின்னால் மறைவது வரை தெரியும். முதல் தடவை அது முழுங்கியபோது என் மகள்தான் பார்த்தாள். “அம்மா, வாயைத் திறக்குது, சீக்கிரம் வாங்க” என்று கத்தினாள். நான் ஓடிவந்தபோது இரண்டு கறுப்புப் புள்ளிகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வாங்காத நாளும் உண்டு. பத்துப் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு, எடுக்கவில்லை என்றால் பிப்பெட்டாலேயே உறிஞ்சி வெளியே எடுத்துவிடுவேன். மறுபடி மறுபடி தொந்தரவு செய்தால் அது சுருங்கிக்கொள்ளும், அன்றைய வெளிச்சமும் வீணாகும். மைசிஸையும் வாங்காத அளவுக்குச் சோர்ந்திருந்தால், முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலின் குஞ்சுகளை மேலே தூவிவிடலாம். விழுதின் மேலேயே ஒட்டிக்கொள்ளும், பிடிப்பதற்குப் பெரிய முயற்சி வேண்டாம்.

திருடர்கள் விஷயத்தில் நான் கண்டிப்பு. என் தொட்டியில் ஒரு துப்புரவு இறால் இருக்கிறது, நல்ல பிள்ளைதான். ஆனால் மைசிஸ் வாசனை வந்தால் அனிமோனின் வாய்க்குள் காலை விட்டு இழுத்துத் தின்றுவிடும். அந்த இழுபறியில் வாயோரம் காயமாகிறது. அதனால் அனிமோன் மேல் ஒரு பெரிய ஓட்டைக் கூடையைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு, கூடையின் ஓட்டை வழியாகவே உணவு கொடுப்பேன். முழுங்கி முடித்து வாய் மூடி, இன்னும் அரை மணி நேரம் கழிந்த பிறகுதான் கூடையை எடுப்பது. பம்பை மறக்காமல் போடணும். அதற்கு அலாரம் வைத்திருக்கிறேன். நின்றுபோன தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்.

சாப்பிட்ட மறுநாள் அது சுருங்கிப்போய்க் கிடந்தால் பயப்படாதீர்கள். அனிமோன் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளி, புதுத் தண்ணீரை எடுத்துக்கொள்ளும். கழிவையும் அப்போதுதான் வெளியேற்றும். பார்க்க வாடி வதங்கிய தோல் துண்டாக இருக்கும். சில மணி நேரத்தில் மறுபடி விரிந்துவிடும். பழுப்பு நூல்கள் வெளியே வந்தால் கவனித்துப் பாருங்கள். சாப்பிட்ட பிறகு ஒருமுறை வந்தால் அது மலம். சாப்பாடே இல்லாமல் நாள்தோறும் பழுப்பாக வந்துகொண்டிருந்தால் மிச்சப் பாசியையும் தள்ளுகிறது என்று சந்தேகப்பட்டு வெப்பத்தையும் வெளிச்சத்தையும் பாருங்கள். நான் பார்ப்பது வாயைத்தான். சுருங்கியிருந்தாலும் வாய் மூடியிருந்தால் நிம்மதி. வாய் தொங்கித் திறந்திருந்தால், அதுவும் ஒரு நாளுக்கு மேல் அப்படியே இருந்தால், ஆபத்து.

வெளிச்சம் பற்றி இரண்டு விதமான தப்பு அறிவுரை வரும். பாசியே இல்லையே, வெளிச்சம் எதற்கு என்பது ஒன்று. பாசி வளரணும், முழு வெளிச்சம் கொடு என்பது மற்றொன்று. இருட்டில் வைத்தால் மிச்சப் பாசியும் பட்டினியில் போகும். முழு வெளிச்சத்தில் வைத்தால் நிறமில்லாத அந்த உடம்பில் நிழல் என்பதே இல்லை, மிஞ்சிய கொஞ்சம் பாசியும் கருகும். எதனால் வெளுத்ததோ அதையே திருப்பிக் கொடுப்பது அது. நான் எல்ஈடி விளக்கின் அளவைக் குறைத்து, அனிமோன் இருக்கும் இடத்தில், ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் பார் மீட்டர் 80க்குப் பக்கம் காட்டும்படி வைத்தேன். வாரத்துக்கு ஒருமுறை ஒரு சின்னப் படி ஏற்றினேன். ஏற்றிய பிறகு அது கல்லுக்கு அடியில் ஒளிந்தால் பழைய படிக்கே இறக்கினேன். தண்டை நீட்டி மேலே எட்டிப் பார்த்தால் இன்னும் கேட்கிறது என்று எடுத்துக்கொண்டேன். மீட்டரைவிட அனிமோன் சொல்வதே சரியாக இருந்தது.

தண்ணீரைக் கண்ணாடியாக வைக்கணும் என்று நைட்ரேட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். வெளுத்த அனிமோனுக்கு அது உதவாது. பாசி பெருக நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். என் தொட்டியில் நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை விட்டுவைத்தேன். அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வாராவாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றம். உணவு கூடுதலாகப் போகும் காலம் அது, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கோப்பை சீக்கிரம் நிறையும், அடிக்கடி கழுவணும். அம்மோனியாவை மட்டும் தவறாமல் சோதித்துக்கொண்டே இருந்தேன். ஆண்டிபயாட்டிக் போடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வெளுப்பு என்பது கிருமியால் வந்த நோய் இல்லை. வாய் பிளந்து, நாள்தோறும் ஊதுவதும் சுருங்குவதுமாக இருந்தால் தனித் தொட்டியில் வைத்து அந்த வழியை யோசிக்கலாம். வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மருந்து கொடுப்பதை நான் ஏற்கவில்லை.

நிறம் ஒரே நாளில் வராது. வாரக்கணக்கில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு ஒரு மாலை, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, விழுதுகளின் அடிப்பகுதியில், வாய்த்தட்டோடு சேரும் இடத்தில், டீக்கறை அளவுக்கு ஒரு மங்கல். மேலிருந்து பார்த்தால் தெரியாது. அது அழுக்கா பாசியா என்று எனக்கே சந்தேகம். வீட்டில் அவரிடம் காட்டினால், “எனக்கு எல்லாம் வெள்ளையாகத்தான் தெரியுது” என்றார். அடுத்தடுத்த வாரங்களில் அந்த மங்கல் விழுதுகளில் ஏறி, நுனியை நோக்கிப் போனது. அதே நேரத்தில் விழுதின் பிடியும் கூடியது. பிப்பெட் நுனியையே விடாமல் பிடித்துக்கொள்ளும். முழுதாகப் பழுப்பாக மாறப் பல மாதம் ஆனது. சிலவற்றுக்கு ஒரு வருடமும் ஆகலாம். குமிழ் நுனி வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள், ஆரோக்கியமான குமிழ்நுனி அனிமோனும் பல நேரம் நீட்டு விழுதோடுதான் இருக்கும்.

இவ்வளவு மெனக்கெடணுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஸ்காட்லாந்தில் ஜான் கிரஹாம் டாலியல் என்ற இயற்கையியலாளர் 1828இல் கடற்கரையிலிருந்து ஒரு சாமந்தியை எடுத்துவந்து கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தார். அவர் 1851இல் இறந்தார். அது இறக்கவில்லை. அடுத்தடுத்து வேறு கைகளுக்குப் போய், ‘கிரானி’ என்று பெயர் வாங்கி, 1887 வரை எடின்பரோவில் வாழ்ந்தது. அது பாசியை நம்பிப் பிழைக்கும் இனம் இல்லை, கொடுத்த உணவை மட்டுமே நம்பிய இனம். அந்தக் காலத்தில் ஹீட்டரும் கிடையாது, பம்பும் கிடையாது. கடல் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி, சோறு போட்டே அறுபது வருடத்துக்குப் பக்கமாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். இத்தனை ஆயுள் உள்ள ஒரு உயிருக்குச் சில மாதப் பராமரிப்பு பெரிய விஷயமே இல்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் போய்விடுவதுண்டு, அதையும் சொல்லணும். வாய் பிளந்தபடி உருவம் குலைந்து, தொட்டால் சளியாகக் கரைந்து, தண்ணீரில் அழுகல் வாடை வந்தால் அது இறந்துவிட்டது. அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வெளியே எடுங்கள். கரையும் அனிமோன் ஒரே இரவில் மொத்தத் தொட்டியையும் நாசம் செய்யும். எடுத்த கையோடு பெரிய அளவில் தண்ணீர் மாற்றி, தண்ணீரைச் சுத்தம் செய்யும் கார்பன் (வடிகட்டும் கரி) போடுங்கள்.

கோமாளி மீன் ஜோடியைத் தொட்டியின் நடுவில் வலைத் தடுப்பு வைத்துப் பிரித்தே வைத்திருந்தேன். மீன்களும் அனிமோனுக்கு உதவிதான். அவற்றின் கழிவில் வரும் அம்மோனியா பாசிக்கு உரம், இரவில் அவை துடுப்பை அடித்துக்கொண்டே இருப்பதால் விழுதுகளுக்கு நடுவே நீரோட்டம். ஆனால் தெம்பில்லாத அனிமோன்மேல் அவை நாள் முழுக்க உரசி உரசிப் படுத்தால் அது விரியவே விரியாது. மீனுக்கும் அது நல்லதல்ல. 2016இல் பசிபிக் கடலில் உள்ள மொரேயா தீவில் வெளுத்த சாமந்திகளில் குடியிருந்த கோமாளி மீன்களை ஆராய்ந்தவர்கள், அவற்றின் உடலில் மன அழுத்த ஹார்மோன் கூடியதையும், முட்டையிடும் திறன் 73 சதவீதம் குறைந்ததையும் கண்டார்கள். வீட்டுக்கு நோய் வந்தால் குடியிருப்பவருக்கும் வரும். வாய்த்தட்டு முழுக்கப் பழுப்பு பரவி, உணவைத் துப்பாமல் பல வாரம் போன பிறகுதான் தடுப்பை எடுத்தேன். பெண் மீன் முதலில் வாலால் தொட்டது, பின்வாங்கியது, பிறகு வயிற்றை உரசியது. ஆண் மீன் இரண்டு நாள் பாறைக்குப் பின்னாலேயே நின்றது.

இப்போது வாரத்துக்கு ஒருமுறைதான் கையால் உணவு. மீதியை மீன்களே கொண்டுபோய்க் கொடுக்கின்றன. மைசிஸ் துண்டைக் கவ்வி வந்து விழுதுக்குள் திணித்துவிட்டுப் போகும். கூடை தேவைப்படவில்லை, துப்புரவு இறால் இப்போது அதன் பக்கமே போவதில்லை. விளக்கு அளவில் இன்னும் இரண்டு படி பாக்கி இருக்கிறது, அடுத்த மாதம்தான் ஏற்றுவேன்.